செயினை அளந்தீர்களா? ரோடு பைக்கையும் ஃபிக்ஸியையும் வீட்டிலேயே பார்த்துக்கொள்வது

புதுச் சக்கரம் வாங்கலாமா, கார்பன் சீட்போஸ்ட் போடலாமா என்று கேட்டு வருகிறவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: செயினை அளந்தீர்களா? பெரும்பாலும் அளந்திருக்க மாட்டார்கள். வண்டி கனமாக ஓடுகிறது, கியர் தாவுகிறது, மேம்பாலம் ஏறும்போது 'டக் டக்' என்று சத்தம் வருகிறது என்று சொல்லி இருபதாயிரம் ரூபாய்க்குச் சாமான் வாங்கத் தயாராக இருப்பவரின் சைக்கிளைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தால், தேய்ந்த செயினும் மணல் ஏறிய பிரேக் கட்டையும் காற்றுக் குறைந்த டயரும்தான் இருக்கும். அதைச் சரிசெய்ய ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையும் இரண்டாயிரம் ரூபாயும் போதும். அதற்கு அப்புறமும் ஆசை இருந்தால் சாமான் வாங்கலாம், அப்போது எதை வாங்க வேண்டும் என்று உங்களுக்கே தெரிந்திருக்கும்.

என்னிடம் இரண்டு சைக்கிள். ஒன்று பதினொரு கியர் ரோடு பைக். இன்னொன்று பழைய ஸ்டீல் ஃபிரேமில் நானே கட்டிய ஃபிக்ஸட் கியர் (சுருக்கமாக ஃபிக்ஸி), அதாவது பின்சக்கரம் சுற்றும்வரை பெடலும் சேர்ந்தே சுற்றுகிற வண்டி. இரண்டும் சென்னைக் கடற்காற்றில்தான் ஓடுகின்றன, அதனால் இதில் எழுதுவதெல்லாம் உப்பு, மணல், வெயில், திடீர் மழை எல்லாவற்றையும் மனதில் வைத்துத்தான்.

செயின்

கடையில் செயின் செக்கர் கிடைக்கும், விலை அதிகமில்லை. அது இல்லாவிட்டாலும் வீட்டில் இருக்கும் இரும்பு ஸ்கேல் போதும். செயினில் ஒரு பின்னுக்கும் அடுத்த பின்னுக்கும் நடுவே சரியாக அரை அங்குலம். பெடலை லேசாக அழுத்திச் செயினை விறைப்பாக வைத்துக்கொண்டு, ஒரு பின்னின் நடுவில் ஸ்கேலின் பூஜ்யத்தை வையுங்கள். அங்கிருந்து இருபத்து நான்காவது பின்னின் நடு 12 அங்குலக் கோட்டில் நிற்க வேண்டும். அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு தாண்டி நின்றால் செயின் அரை சதவீதம் தேய்ந்துவிட்டது, பதினொன்று பன்னிரண்டு கியர் வண்டியென்றால் அன்றே மாற்றிவிடுங்கள். எட்டில் ஒரு பங்கு தாண்டியிருந்தால் பின்னால் இருக்கும் கேசட்டும், அதாவது பல்சக்கர அடுக்கும், அநேகமாகப் போய்விட்டது, புதுச் செயின் போட்டால் பழைய பல்லில் உட்காராமல் தாவும்.

செயின் நீண்டுவிட்டது என்று நாம் சொல்கிறோமே தவிர இரும்புத் தகடு இழுபடுவதில்லை. உள்ளே பின்னும் அது சுற்றுகிற இடமும் உரசி உரசித் தேய்கின்றன, நூற்றுச் சொச்சம் கண்ணியிலும் துளித்துளியாகச் சேருகிற இடைவெளிதான் நீளமாகத் தெரிகிறது. இதைப் புரிந்துகொண்டால் எண்ணெய் எங்கே போக வேண்டும் என்பதும் புரிந்துவிடும். அது உருளைக்கு உள்ளே போக வேண்டும். வெளித் தகட்டில் பளபளவென்று நிற்கிற எண்ணெயால் ஒரு பயனும் இல்லை, கடற்கரைச் சாலையில் அது மணலைப் பிடித்து வைக்கிற பசை.

நான் செய்கிற முறை இது. குவிக் லிங்கை, அதாவது செயினைப் பிரித்து மாட்டுவதற்கான கண்ணியை, கழற்றிச் செயினை ஒரு பழைய தண்ணீர் பாட்டிலில் போட்டு, அது மூழ்கும் அளவுக்கு டீசலோ மண்ணெண்ணெயோ ஊற்றி மூடிக் குலுக்குவேன். கறுப்பாக வரும். அதை வடித்துவிட்டு இன்னொரு முறை, பிறகு மூன்றாவது முறை. கடைசியில் பாத்திரம் தேய்க்கும் சோப்புத் தண்ணீரில் அலசித் துடைத்து வெயிலில் ஒரு மணி நேரம் தொங்கவிட்டால் பொட்டு ஈரம் இருக்காது. அழுக்கு டீசலைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள், ஒரு கேனில் தெளிய வைத்தால் மேலே நிற்பதை அடுத்த தடவைக்கு எடுத்துக்கொள்ளலாம். அப்புறம் செயினை மாட்டி, ஒவ்வோர் உருளைக்கும் ஒரே ஒரு சொட்டுச் செயின் ஆயில். பெடலைப் பின்பக்கமாக இருபது சுற்று சுற்றி, இரவு முழுக்க விட்டுவிட்டுக் காலையில் துணியால் வெளிப்பக்கத்தை நன்றாகத் துடைத்துவிடுங்கள். துடைப்பதுதான் முக்கியம், பலரும் விடுவது அதைத்தான். தேங்காய் எண்ணெய், கார் சர்வீஸில் வடித்த பழைய என்ஜின் ஆயில் இரண்டும் வேண்டாம்.

மெழுகு போடுவது இன்னும் நல்லது, வேலை கொஞ்சம் அதிகம். பாரஃபின் மெழுகை ஒரு கிண்ணத்தில் போட்டு, கொதிக்கிற தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் அந்தக் கிண்ணத்தை வைத்து உருக்க வேண்டும். நேராக அடுப்பில் வைத்தால் தீப்பிடிக்கும். எண்ணெய்ப் பசை கொஞ்சமும் இல்லாமல் கழுவிய செயினை அதில் பத்து நிமிடம் முக்கி, குமிழி வருவது நின்றதும் கம்பியால் தூக்கிக் காயவிடுங்கள். முதலில் விறைப்பாக இருக்கும், கையால் ஒவ்வொரு கண்ணியாக மடக்கினால் இளகும். மணல் ஒட்டாது, கையும் கறுப்பாகாது. மழையில் நனைந்துவிட்டால் மட்டும் வீட்டுக்கு வந்தவுடனே துடைத்து மறுபடி மெழுகு போட வேண்டும், ஒரே இரவில் துரு ஏறிவிடும்.

ஃபிக்ஸி வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை, இதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சாதாரண சைக்கிளில் செயினில் துணி சிக்கினால் பெடல் நின்றுவிடும். ஃபிக்ஸியில் நிற்காது. பின்சக்கரத்தைச் சுழலவிட்டபடி துணியால் செயினைத் துடைக்கப் போனால், துணியோடு விரலையும் பல்லுக்குள் இழுத்துக்கொண்டு போகும், விரல் துண்டாகிவிடும். சக்கரத்தை நிறுத்துங்கள், ஒரு சாண் அளவு துடையுங்கள், கையை எடுங்கள், கையாலேயே மெல்ல நகர்த்துங்கள், அடுத்த சாண். அவ்வளவுதான்.

டயர், காற்று

காசு செலவழித்தே ஆக வேண்டும் என்றால் முதலில் டயருக்குச் செலவழியுங்கள். 23 மி.மீ. டயரில் 120 பிஎஸ்ஐ அழுத்தத்துக்குக் காற்று அடித்துக் கல் போல ஓட்டுவதுதான் வேகம் என்று ரொம்ப காலம் நம்பினோம். நம் ரோட்டில் அது வேகமும் இல்லை, சுகமும் இல்லை. ஒவ்வொரு சின்ன மேட்டுக்கும் வண்டி துள்ளினால் அந்தத் துள்ளலுக்கும் உங்கள் காலிலிருந்துதான் சக்தி போகிறது. ஃபிரேமிலும் பிரேக்கிலும் இடம் இருந்தால் 28-க்குப் போங்கள். டயருக்கும் ஃபிரேமுக்கும் நடுவே இரண்டு பக்கமும் குறைந்தது நான்கு மி.மீ. இடைவெளி வேண்டும், இல்லாவிட்டால் மழைநாளில் ஒட்டுகிற களிமண் பெயின்ட்டையே அறுத்துவிடும். நான் எழுபது கிலோ. 28 மி.மீ. டயரில் முன்னால் 68, பின்னால் 74 பிஎஸ்ஐ வைக்கிறேன். நீங்கள் அங்கே தொடங்கி, பள்ளத்தில் ரிம் இடித்தால் ஐந்து கூட்டுங்கள், கை மரத்துப்போனால் மூன்று குறையுங்கள். டயர் விளிம்பைப் பிடிக்கும் கொக்கி (ஹூக்) இல்லாத ரிம் என்றால் 72 பிஎஸ்ஐ-க்கு மேல் போகவே கூடாது, டயர் கழன்று தெறிக்கும்.

ரோடு பைக் ட்யூபில் இருப்பது ப்ரெஸ்டா வால்வு. பஞ்சர் கடைக் காற்று மெஷின் அதற்குப் பொருந்தாது. ஒரு ரூபாய்க் காசு அளவே உள்ள பித்தளை அடாப்டர் ஒன்று விற்கிறது, இரண்டு வாங்கி, ஒன்றைச் சீட்டுக்கு அடியில் உள்ள பையில் போட்டு வையுங்கள். தெருமுனைக் கடையே உங்களுக்குக் கைகொடுக்கும்.

பஞ்சர் ஆனால் ட்யூபைக் கழற்றுவதற்கு முன்னால் ஒரு விஷயம். டயரை மாட்டும்போதே அதன் பெயர் அச்சடித்த இடம் வால்வுக்கு நேராக வரும்படி மாட்டியிருக்க வேண்டும். அப்படி இருந்தால் ட்யூபில் ஓட்டை எங்கே என்று கண்டதும், டயரில் முள் எங்கே நிற்கிறது என்று அளந்தே கண்டுபிடித்துவிடலாம். நம் பக்கத்தில் பெரும்பாலும் அது சீமைக்கருவேல முள், அல்லது லாரி டயர் வெடித்துச் சிதறிய மெல்லிய கம்பி. கம்பி கண்ணுக்குத் தெரியாது, வெளியிலிருந்து தடவினாலும் தட்டுப்படாது. டயரின் உள்பக்கம் ஒரு கைக்குட்டையை மெல்ல இழுத்துக்கொண்டு போங்கள், நூல் சிக்குகிற இடத்தில் இருக்கும். அதைப் பிடுங்காமல் புது ட்யூப் போட்டால் இரண்டு கிலோமீட்டரில் அதுவும் போய்விடும்.

ஒட்டும்போது உப்புத்தாளால் நன்றாகத் தேய்த்து, சொல்யூஷனை மெல்லியதாகப் பூசி, அது காயும்வரை பொறுத்திருங்கள். ஈரத்தோடு ஒட்டினால்தான் பிடிக்கும் என்று நினைக்கிறார்கள், நேர்மாறு. பளபளப்புப் போய் மங்கிய பிறகு ஒட்டினால்தான் நிற்கும்.

பிரேக், பேரிங், போல்ட்

மழையில் ஓட்டிவிட்டு வந்தால் ரிம் பிரேக் கட்டைகளைக் கழற்றிப் பாருங்கள். ரப்பரில் மணலும் மினுங்குகிற அலுமினியத் துகள்களும் பதிந்திருக்கும். ஊசியால் ஒவ்வொன்றாக எடுத்து, உப்புத்தாளில் நான்கு தேய்ப்பு தேய்த்து மாட்டுங்கள். எடுக்காவிட்டால் அந்தத் துகளே உங்கள் ரிமை ராவித் தின்றுவிடும். ரிமின் பக்கச் சுவரில் ஸ்கேலை வைத்துப் பாருங்கள், குழிந்து தெரிந்தால் ரிமை மாற்றும் காலம் வந்துவிட்டது. டிஸ்க் பிரேக்காக இருந்தால் தகட்டில் எண்ணெய்க் கை படவே கூடாது, செயினுக்கு ஸ்ப்ரே அடிக்கிற பழக்கம் இருந்தால் அன்றோடு நிறுத்திவிடுங்கள். ஹைட்ராலிக் பிரேக்கில் என்ன திரவம் என்று லீவரிலோ காலிப்பரிலோ எழுதியிருக்கும். மினரல் ஆயில் வண்டியில் டாட் திரவத்தை ஊற்றினால் உள்ளே இருக்கும் ரப்பர் சீல் ஊறிக் கெட்டுவிடும்.

கியர் ஒயர் லீவருக்கு உள்ளே, கண்ணுக்குத் தெரியாத இடத்தில், இழை இழையாக அறுந்துகொண்டு வரும். கியர் மாற்றும்போது கொஞ்சம் கொஞ்சமாகக் கனம் கூடினால், நேற்றுச் சரிசெய்த கியர் இன்றைக்கு மறுபடி விலகினால் அதுதான் காரணம். முழுசாக அறுந்த பிறகு லீவருக்குள்ளிருந்து அந்த முடிச்சை எடுப்பது பெரிய பாடு. வருஷத்துக்கு ஒரு முறை உள்ஒயரை மாற்றிவிடுங்கள், முந்நூறு ரூபாய் வேலை. புது ஒயர் போட்டும் கியர் நிற்கவில்லையென்றால் பின்னாலிருந்து பாருங்கள், டிரெய்லர் (derailleur, செயினைப் பல்லுக்குப் பல் தள்ளுகிற கருவி) மாட்டுகிற ஹேங்கர் உள்பக்கமாகச் சாய்ந்திருக்கும். வலப்பக்கமாக ஒரு முறை வண்டி விழுந்தாலே போதும்.

ஹேண்டில் ஆடுகிறதா என்று பார்க்க முன்பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் அசையுங்கள். 'கடக்' என்று கையில் பட்டால் ஹெட்செட், அதாவது ஹேண்டில் திரும்புகிற பேரிங், லூஸ். இதைச் சரிசெய்ய ஒரு வரிசை இருக்கிறது: ஸ்டெம்மின், அதாவது ஹேண்டிலைப் பிடித்து நிற்கிற துண்டின், பக்க போல்ட் இரண்டையும் முதலில் தளர்த்த வேண்டும், பிறகு மேல்மூடி போல்ட்டை ஆட்டம் நிற்கும் அளவுக்கு மட்டும் திருக வேண்டும், ஹேண்டிலை நேராக்கி, கடைசியில் பக்க போல்ட்டுகளை மாற்றி மாற்றி இறுக்க வேண்டும். பக்க போல்ட்டைத் தளர்த்தாமல் மேல்மூடியைத் திருகிக்கொண்டே இருந்தால் எதுவும் இறுகாது, மரைதான் போகும். ஸ்டெம்முக்கும் சீட்போஸ்ட் கிளாம்புக்கும் பெரும்பாலும் 5 நியூட்டன் மீட்டர்தான் கணக்கு. கார்பன் சாமான் ஏதாவது இருந்தால் இறுக்குகிற பலத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் இல்லாமல் தொடாதீர்கள். என் முதல் கார்பன் சீட்போஸ்ட்டை ஒரு கடையில் கைப்பலத்துக்கு இறுக்கிக் கொடுத்தார்கள், இரண்டு வாரத்தில் கிளாம்ப் இருந்த இடத்தில் முடி மாதிரி ஒரு விரிசல் ஓடியிருந்தது. அன்றைக்கே டார்க் ரெஞ்ச் வாங்கினேன்.

மரை விஷயத்தில் இரண்டு இடம் நினைவில் இருக்கட்டும். இடது பெடலுக்கு எதிர்மரை, கடிகாரம் சுற்றுகிற திசையில் திருப்பினால்தான் கழலும். வழக்கமான இங்கிலீஷ் மரை பாட்டம் பிராக்கெட்டில் (பெடல் அச்சு சுற்றுகிற பேரிங்) வலது பக்கக் கப்புக்கும் அப்படியே. கழலவில்லை என்று பைப் போட்டு நெம்புவதற்கு முன்னால் எந்தப் பக்கம் திருப்புகிறோம் என்று ஒரு தடவை யோசியுங்கள்.

ஏற்றத்துக்குக் கியர்

ஏலகிரிக்கு 14 கொண்டை ஊசி வளைவு, கொல்லிமலைக்கு 70. வேலூர்ப் பக்கம் நேர் ரோட்டில் பறக்கிறவர்கள்கூட அங்கே இறங்கித் தள்ளுவதற்குக் காரணம் கால் பலம் மட்டும் இல்லை, வண்டியில் இருக்கிற கியர். முன்னால் 34 பல், பின்னால் 28 பல் என்றால் பெடல் ஒரு சுற்றுக்குச் சக்கரம் 1.21 சுற்று. பின்னால் 34 பல் கேசட் போட்டால் ஒன்றுக்கு ஒன்று. இந்த மாற்றத்தை உங்கள் முழங்கால் முதல் வளைவிலேயே உணர்ந்துவிடும். எடை குறைக்கச் செலவழிக்கிற பணத்தில் கால்வாசிக்கும் குறைவாகத்தான் ஆகும். டிரெய்லரின் கூண்டு நீளத்தை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். உதாரணத்துக்கு, ஷிமானோ 105 ஆர்7000-இல் குட்டைக் கூண்டு 30 பல் வரைதான் தாங்கும், நீளக் கூண்டு 34 வரை. செயினையும் அதற்கேற்ப நீளமாகப் போட வேண்டும், பழைய நீளத்தோடு பெரிய பல்லுக்கு மாற்றினால் டிரெய்லரே பிய்ந்துகொண்டு வரும்.

இறங்கும்போது பிரேக்கை விடாமல் தேய்த்துக்கொண்டே வராதீர்கள். வளைவுக்கு முன்னால் அழுத்தமாகப் பிடித்து வேகத்தைக் குறைத்து, வளைவில் விட்டுவிடுங்கள், ரிம் ஆற நேரம் கிடைக்கும்.

ஃபிக்ஸி கட்டுவது

இனி நான் அதிகம் நேசிக்கிற விஷயம். கியர் இல்லை, பெடலை நிறுத்தினாலும் சக்கரத்தை ஓடவிடுகிற ஃப்ரீவீல் இல்லை, ஒயர்கூட ஒன்றோ இரண்டோதான். ஆனால் இதைத் தப்பாகக் கட்டினால் ரோடு பைக்கைவிட ஆபத்து. டூர் டி ஃபிரான்ஸ் பந்தயத்திலேயே வீரர்களுக்கு டிரெய்லர் 1937-இல்தான் அனுமதிக்கப்பட்டது. தொடக்க கால வீரர்கள் பின்சக்கரத்தின் இரண்டு பக்கமும் வேறு வேறு பல் வைத்துக்கொண்டு, மலையடிவாரத்தில் இறங்கிச் சக்கரத்தைக் கழற்றித் திருப்பி மாட்டி ஏறுவார்கள். இன்றைய ஃபிளிப் ஃபிளாப் அப் (hub, சக்கரத்தின் நடுவில் ஆக்ஸிலைச் சுற்றி ஓடும் பாகம்) அதே யோசனைதான்: ஒரு பக்கம் ஃபிக்ஸட், மறுபக்கம் ஃப்ரீவீல்.

ஃபிரேம் தேடும்போது முதலில் பின் டிராப்அவுட்டைப் பாருங்கள், அதாவது பின்சக்கரத்தின் ஆக்ஸில் உட்காருகிற வெட்டு. அது கிடைமட்டமாக நீண்டு இருக்க வேண்டும், சக்கரத்தை முன்னும் பின்னும் நகர்த்தித்தான் செயின் டைட் வைக்க முடியும். மேல்நோக்கிய வெட்டு என்றால் வேறு ஃபிரேம் தேடுங்கள். அம்பத்தூரில் 1949-இல் டி.ஐ. சைக்கிள்ஸ் தொடங்கிய காலத்திலிருந்து நம் வீடுகளில் ஹெர்குலிஸுக்கும் பி.எஸ்.ஏ.வுக்கும் பஞ்சமில்லை, தாத்தா சைக்கிளையே மாற்றலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். மாற்றலாம், ஆனால் அந்தப் பெரிய 28 அங்குல ரிம்மும் இன்றைய 700சி ரிம்மும் ஒன்றல்ல. முன்னதன் டயர் உட்காரும் விட்டம் 635 மி.மீ., பின்னது 622. ரிம் ஆறரை மி.மீ. கீழே இறங்கும், பிரேக் அவ்வளவு தூரம் எட்ட வேண்டும். கம்பி பிரேக் வண்டியென்றால் ஃபோர்க்கில் காலிப்பர் பிரேக் மாட்டத் துளை இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். இல்லையென்றால் அந்த வண்டியை ஓவராயில் செய்து அது இருந்தபடியே ஓட்டுவதுதான் அதற்கு மரியாதை.

பழைய ரோடு ஃபிரேமில் பின்பக்க அகலம் 126 மி.மீ. இருக்கும், ஃபிக்ஸிக்குப் போடுகிற டிராக் அப் 120. ஆக்ஸிலின் இரண்டு பக்கமும் மூன்று மி.மீ. வாஷர் போட்டு நிரப்புங்கள். ஸ்டீல் ஃபிரேமை வேண்டுமானால் கொஞ்சம் வளைத்துக்கொள்ளலாம், அலுமினிய ஃபிரேமை ஒருபோதும் வளைக்கக் கூடாது.

அப் விஷயத்தில் சமாதானமே வேண்டாம். டிராக் அப்பில் இரண்டு மரை இருக்கும். பல்சக்கரம் நேர்மரையில் ஏறும், அதற்கு வெளியே லாக்ரிங் என்கிற பூட்டு வளையம் எதிர்மரையில் ஏறும். நீங்கள் முன்னால் மிதிக்கும்போது பல்சக்கரம் தானே இறுகும். வேகம் குறைக்கப் பின்னுக்கு அழுத்தும்போது அது கழலப் பார்க்கும், அப்போது எதிர்மரை லாக்ரிங்கும் சேர்ந்து சுற்ற முயன்று இன்னும் இறுகி அதைத் தடுக்கும். இதுதான் முழு ரகசியமும். பழைய ஃப்ரீவீல் அப்பிலும் பல்சக்கரம் ஏறும், மரை ஒன்றேதான், அதனால் சிலர் லாக்ரிங் இல்லாமல் பசை போட்டு ஒட்டி ஓட்டுகிறார்கள். சிக்னலில் பின்னுக்கு அழுத்துகிற நேரத்தில் அது கழன்றால் காலால் வேகம் குறைக்கவே முடியாது. தயவுசெய்து செய்யாதீர்கள்.

மாட்டும்போது மரையில் கிரீஸ் தடவி, பல்சக்கரத்தைச் செயின் விப் என்கிற கருவியால் பலமாக இறுக்கி, லாக்ரிங்கைக் கொக்கி ஸ்பேனரால் எதிர்ப்பக்கம் இறுக்குங்கள். பிறகு ஏதாவது ஒரு மேம்பாலத்தில் உட்காராமல் நின்று மிதித்து ஏறி இறங்கி வாருங்கள். பல்சக்கரம் இன்னும் கால் சுற்று உள்ளே போயிருக்கும், லாக்ரிங்கை மறுபடி இறுக்க வேண்டும்.

பல் எண்ணிக்கைக்கு வருவோம். சென்னை மாதிரி சமதள ஊரில் முன்னால் 44, பின்னால் 17 நல்ல தொடக்கம். பெடல் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 5.4 மீட்டர், நிமிஷத்துக்கு 90 சுற்றில் 29 கி.மீ. வேகம். 17 என்று சொல்வதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. பின்சக்கரத்தைப் பூட்டிச் சறுக்கி நிறுத்தும்போது டயரில் எந்த இடம் தேயும் என்பதை இந்த இரண்டு எண்ணும்தான் தீர்மானிக்கின்றன. இரண்டையும் பொது எண்ணால் வகுத்துச் சுருக்குங்கள், பின்னால் மிஞ்சுகிற எண்தான் தேயும் இடங்களின் எண்ணிக்கை. 44-க்கு 17 சுருங்காது, எனவே பதினேழு இடங்களில் பரவித் தேயும். 48-க்கு 16 போட்டால் மூன்றுக்கு ஒன்று ஆகிவிடும், ஒரே காலை முன்வைத்துச் சறுக்கினால் ஒவ்வொரு முறையும் ஒரே இடம், ஒரு மாதத்தில் அங்கே ட்யூப் தெரியும்.

செயின் நேராக ஓட வேண்டும். முன்பல்லும் பின்பல்லும் ஃபிரேமின் நடுக்கோட்டிலிருந்து ஒரே தூரத்தில் இருக்கின்றனவா என்று அளந்து பாருங்கள், டிராக் அப்பில் அது 42 மி.மீ. சுற்று வரும். டைட் வைப்பதற்குச் சக்கரத்தைப் பின்னுக்கு இழுத்து வலது நட்டை லேசாகப் பிடித்து, டயரை இடப்பக்கம் தள்ளி இடது நட்டைப் பிடித்து, மறுபடி வலதைத் தளர்த்தி என்று மாறி மாறி நடத்திக்கொண்டு போனால் கைப்பலம் இல்லாமலே இறுகும். பெடலை மெதுவாகச் சுற்றி, செயின் மிக விறைப்பாக வருகிற இடத்தில் நிறுத்துங்கள், அந்த இடத்தில் நடுச் செயின் மேலும் கீழுமாக ஒரு செ.மீ. ஆட வேண்டும். ஆடவே இல்லையென்றால் பேரிங் போகும், இரண்டு செ.மீ. ஆடினால் ஓடும்போது செயின் கழன்று சக்கரம் பூட்டிக்கொள்ளும்.

கிராங்க், அதாவது பெடல் மாட்டுகிற கை, 165 மி.மீ. போடுங்கள். வளைவில் பெடலை மேலே நிறுத்தி வைக்கிற வசதி ஃபிக்ஸியில் இல்லை, நீளமான கிராங்க் தரையில் தட்டும்.

முன்பிரேக் கட்டாயம். பிரேக் இல்லாத ஃபிக்ஸி பார்க்க அழகாக இருக்கும், அது வெலோட்ரோம் என்கிற சைக்கிள் பந்தயத் திடலுக்கானது. அங்கே எதிரே ஆட்டோ திரும்பாது. வேகம் குறையும்போது உடம்பின் பாரம் முன்சக்கரத்துக்குப் போகிறது, அதனால் நிறுத்துகிற பலமும் அங்கேதான் இருக்கிறது. கால் எவ்வளவு பலமாக இருந்தாலும் பின்சக்கரத்தை மட்டும் வைத்துச் சட்டென்று நிற்க முடியாது. செயின் கழன்றால் அதுவும் இல்லை.

ஓட்டக் கற்றுக்கொள்வது

முதல் இரண்டு வாரம் காலியான தெருவில் ஓட்டுங்கள். சின்ன வயதில் குரங்குப் பெடல் போட்டுக் கற்றுக்கொண்ட உடம்புக்குக் கூட இது புதிதாக இருக்கும், ஏனென்றால் வளைவிலும் வேகத்தடையிலும் காலை நிறுத்துகிற பழக்கம் நமக்குள் ஊறியிருக்கிறது. நிறுத்தினால் பெடல் உங்களைத் தூக்கி எறியப் பார்க்கும். வேகத்தடையில் சீட்டிலிருந்து ஓர் அங்குலம் எழுந்து காலைச் சுற்றவிடுங்கள். காலைப் பெடலோடு பிடித்து வைக்கிற ஸ்ட்ராப் வேண்டும், இறக்கத்தில் கால் நழுவினால் சுற்றுகிற பெடலை மறுபடி பிடிக்க முடியாது. 44-க்கு 17-இல் மணிக்கு 45 கி.மீ. வந்தால் கால் நிமிஷத்துக்கு 138 சுற்று சுற்றும், அதனால் மேம்பாலத்தில் உச்சியைத் தாண்டும்போதே பிரேக்கைத் தொட்டுவிடுங்கள். ஷூ லேஸ் நுனியை உள்ளே செருகுங்கள். வேஷ்டி, துப்பட்டா, அகலக் கால் பேன்ட் எதுவும் இந்த வண்டிக்கு ஆகாது.

சிக்னலில் நின்றபின் பெடல் வாகான இடத்தில் இருக்காது, பின்னுக்கும் சுற்றாது. முன்பிரேக்கைப் பிடித்து, உடம்பை முன்னால் சாய்த்து, சீட்டைக் கொஞ்சம் தூக்கினால் பின்சக்கரம் தரையை விட்டு எழும். அப்போது காலால் பெடலை வேண்டிய இடத்துக்குத் திருப்பிக்கொள்ளலாம். இரண்டு நாளில் பழகிவிடும்.

ஈ.சி.ஆர். (கிழக்குக் கடற்கரைச் சாலை) போவதாக இருந்தால் விடியலில் கிளம்புங்கள், எந்த சைக்கிளானாலும். முட்டுக்காடு பாலத்தில் பக்கக் காற்று அடிக்கும், ஓரத்தில் மணல் படிந்திருக்கும், அங்கே ஓரமாக ஒதுங்காமல் கொஞ்சம் உள்ளே நேராகப் பிடித்து ஓட்டுங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குக் காற்று, மாமல்லபுரம் போகும்போது தள்ளிவிட்டு, திரும்பும்போது முகத்தில் அடிக்கும். போகிற வேகத்தைப் பார்த்துச் சந்தோஷப்பட்டு எல்லா பலத்தையும் அங்கேயே செலவழித்துவிடாதீர்கள். நாய் துரத்தினால் ஃபிக்ஸியில் காலைத் தூக்க முடியாது, வேகத்தைக் குறைத்துக் குரல் கொடுத்தால் பெரும்பாலும் நின்றுவிடும்.

வீட்டுக்கு வந்ததும் ஒரு வாளி நல்ல தண்ணீர், ஒரு துணி. உப்பு படிந்த இடங்களை, அதாவது போல்ட் தலைகள், ஸ்போக்ஸ் நுனி, ஸ்டெம், பிரேக் சந்து எல்லாவற்றையும் ஈரத்துணியால் துடைத்து உலரவிடுங்கள். அப், பாட்டம் பிராக்கெட் மேல் குழாயைப் பீய்ச்சி அடிக்கக் கூடாது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை சீட்போஸ்ட்டை உருவி, ஸ்டீல் ஃபிரேமில் அலுமினியப் போஸ்ட் என்றால் பழைய கிரீஸைத் துடைத்துப் புதிது தடவிப் போடுங்கள், கார்பன் என்றால் கிரீஸுக்குப் பதில் கார்பன் பேஸ்ட். இதை மூன்று வருஷம் விட்ட ஒரு நண்பரின் ஃபிரேமில் உப்பும் இரண்டு உலோகமும் சேர்ந்து போஸ்ட்டையும் குழாயையும் ஒன்றாக்கிவிட்டிருந்தன, கடைசியில் மேலே அறுத்து, உள்ளே மிச்சம் இருந்ததை ரம்பத்தால் நீளவாட்டில் கீறி, இரண்டு நாள் உட்கார்ந்து துண்டு துண்டாக எடுத்தோம். உருவும் முன் போஸ்ட்டில் ஒரு டேப் ஒட்டி உயரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மறந்துவிட்டால் சீட்டில் உட்கார்ந்து குதிகாலைப் பெடலில் வைத்துக் கீழே இறக்கிப் பாருங்கள், கால் மடங்காமல் நேராக வரும் உயரம்தான் தொடங்க வேண்டிய இடம்.